மீன் பிடிக்கப் போனவரும் பந்து பொறுக்கிய என் பிள்ளையும்

என் பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக 2023 ஜூன் மாதம் நியூசிலாந்து போயிருந்தேன். ஹாமில்டன் என்ற ஊர். ஊருக்கு நடுவே வைக்காட்டோ என்று பெரிய ஆறு ஒன்று ஓடுகிறது. இங்கே நாம் கத்திரி வெயில் முடிந்து மூச்சு விடுகிற நேரத்தில் அங்கே நல்ல குளிர்காலம். விடிகாலையில் புல்லின் மேல் வெள்ளை வெளேரென்று பனி உறைந்து கிடக்கும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, பூண்டும் சுக்குமாக நான் பத்தியச் சமையலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்த வாரமே சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வந்து, "அத்தை, உங்க பேரன் ரக்பி ஆடறதைப் பார்க்க வர்றீங்களா?" என்று கேட்டார்.

ரக்பியா? எனக்குத் தெரிந்த ரக்பி என்றால் டி.வி.யில் எப்போதோ பார்த்ததுதான். எருமைக்கடா மாதிரி முப்பது ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவார்கள். என் பேரனுக்கோ ஆறரை வயசு, சோளத்தட்டை மாதிரி உடம்பு! "அவனையா அனுப்பறீங்க?" என்று பதறிப்போய் நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

மைதானத்தில் இறங்கியதும் இன்னொரு அதிர்ச்சி. அந்தக் குளிரில், அந்த ஈரப் புல்லில், பாதிக் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்! "மார்ச்சளி கட்டிக்காதா?" என்று என் பெண்ணிடம் கேட்டால் அவள் சிரிக்கிறாள். இவர்களுக்கு அதுதான் பழக்கமாம். பையில் வைத்திருந்த கம்பளிச் சாக்ஸைப் பேரனிடம் ரகசியமாக நீட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நல்ல வேளை, சின்னக் குழந்தைகளுக்கு முட்டி மோதுகிற ஆட்டம் கிடையாது. ஏழு வயசு வரை 'ரிப்பா' என்ற ஆட்டம்தான். இடுப்பில் ஒரு பட்டை, அதில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாடா ஒட்டியிருக்கும். பந்தோடு ஓடுகிறவனின் நாடாவைப் பிடுங்கி, "ரிப்!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான், அவன் பந்தைப் பின்னால் வருகிறவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பெண் குழந்தைகளும் கூடவே ஆடுகிறார்கள். பாதி ஆட்டத்தில் இடைவேளை. நாலு துண்டாக நறுக்கிய ஆரஞ்சுப் பழத்தை ஒரு டப்பாவில் போட்டு யாராவது ஒரு அம்மா கொண்டு வருவாள். வாரத்துக்கு ஒருவர் முறை.

பேரன் அன்றைக்குப் பந்தைத் தொட்டதே இரண்டு தரம்தான். ஒரு தரம் எதிர்த்திசையில் ஓடினான். இருந்தாலும் அவனை யாரும் வெளியே உட்கார வைக்கவில்லை! நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனைக்கூட நடுவில் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, இன்னொரு குழந்தையை அனுப்பினார் பயிற்சியாளர். அவரும் அந்தக் குழந்தைகளில் ஒருவனுடைய அப்பாதான். ஒவ்வொரு குழந்தையும் குறைந்தது பாதி ஆட்டமாவது ஆடியே தீர வேண்டும் என்பது அங்கே விதியாம்.

அதைக் கேட்டதும் எனக்கு என் மூத்த பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. திருச்சியில் இருந்தோம். கால்பந்து என்றால் அவனுக்கு உயிர். பள்ளிக்கூட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விடிகாலையிலேயே எழுந்து போனான். வரிசையில் நிற்க வைத்து, உயரமாக இருந்தவர்களையெல்லாம் ஒரு பக்கம் போகச் சொல்லியிருக்கிறார் விளையாட்டு வாத்தியார். இவனைப் பார்த்து, "நீ வேணும்னா வெளியே போற பந்தைப் பொறுக்கிப் போடுடா" என்றாராம். பாவம், அதையும் பெருமையாக நினைத்து ஒரு வருஷம் முழுக்கப் பந்து பொறுக்கினான். அடுத்த வருஷமும் எடுக்கவில்லை. வந்து பூட்ஸைக் கழற்றிப் பரண் மேல் போட்டான். "போறது போ, படிக்கிற வேலையைப் பாரு" என்றேன் நான். உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான், பொய் சொல்வானேன்?

பதினேழு வயசில் திடீரென்று வளர்ந்தான் பாருங்கள், கிட்டத்தட்ட ஆறடி! ஆனால் பந்துப் பக்கம் போகவே இல்லை.

டிசம்பர்க் குழந்தை, மே குழந்தை

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. ரிட்டையரான பள்ளிக்கூட ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். அவருடைய பேத்தியும் அதே குழுவில் ஆடுகிறாள் என்பதால் சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். கையில் ஒரு மாட்டு மணி வைத்திருப்பார். நிஜமான மாட்டு மணிதான்! வைக்காட்டோ பகுதி முழுக்கப் பால் பண்ணைகள். அதனால் அந்த மாகாண அணியின் சின்னமே 'மூலூ' என்கிற பசு. ரசிகர்கள் கைதட்டுவதற்குப் பதில் மணியை ஆட்டுகிறார்கள். பொங்கல் சமயத்தில் ஒரு மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தாற் போல இருந்தது எனக்கு.

அவர்தான் என் பேரன் ஏன் எல்லோரையும்விடச் சின்னவனாகத் தெரிகிறான் என்று விளக்கினார். அங்கே ஜனவரி 1-ம் தேதி என்ன வயசு என்று பார்த்துத்தான் குழந்தைகளைப் பிரிக்கிறார்களாம். பேரன் பிறந்தது டிசம்பரில். அவனோடு ஆடுகிற ஜனவரிக் குழந்தை அவனைவிடப் பதினோரு மாசம் மூத்தது. ஆறு வயசில் பதினோரு மாசம் என்றால் சும்மாவா? நாலு விரற்கடை உயரம், ஒரு சுற்றுப் பருமன், ஓட்டத்தில் வேகம் எல்லாமே வித்தியாசப்படும்.

இதை முதலில் கவனித்தது ஒரு பெண்மணி என்று பாட்டி சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 1980-களில் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற மனோதத்துவ நிபுணர் குடும்பத்தோடு ஐஸ் ஹாக்கி பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி பவுலா, கையில் கொடுத்த ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டிக்கொண்டே, "இதைப் பாருங்க, எல்லாரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சிலேயே பிறந்திருக்காங்களே!" என்றாராம். கணவர் விடாமல் ஆராய்ந்து பார்த்தால் அதுதான் நிஜம். சின்ன வயசில் 'கெட்டிக்காரன்' என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சில மாசம் முன்னதாகப் பிறந்தவர்கள், அவ்வளவுதான். தேர்வானதால் அவர்களுக்கு நல்ல பயிற்சி, நிறைய ஆட்டம். அதனால் கடைசியில் நிஜமாகவே கெட்டிக்காரர்களாகி விடுகிறார்கள். விடப்பட்டவர்கள் விடப்பட்டவர்கள்தான்.

என் பிள்ளை பிறந்தது மே மாசம். நம் ஊரில் பள்ளி திறப்பது ஜூனில். ஒரு வருஷம் வீணாகிவிடக் கூடாதே என்று அடம் பிடித்து, அவசரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தவள் நான். வகுப்பிலேயே சின்னவன் அவன். முப்பது வருஷம் கழித்து, நியூசிலாந்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இது எனக்கு உறைக்கிறது!

"இங்கேயும் ஒழுங்கில்லை" என்றார் பாட்டி. பெரிய பள்ளிக்கூடங்கள் மற்ற பள்ளிகளின் நல்ல ஆட்டக்காரப் பையன்களை ஆசை காட்டி இழுத்துக்கொள்வது, பத்து வயசிலேயே தேர்வு, தேர்வு என்று பெற்றோர்கள் அலைவது எல்லாம் அங்கேயும் உண்டுதான். பதின்மூன்று, பதினான்கு வயசு ஆனதும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக விளையாட்டை விட்டுப் போகிறார்கள் என்ற கவலை வந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்களாம். ஆக்லாந்துக்கு வடக்கே நார்த் ஹார்பர் என்ற ரக்பி சங்கம், சிறுவர் சிறுமிகளுக்கான தேர்வு அணிகளையே 2019-ல் எடுத்துவிட்டது. சில பெற்றோர்களுக்குக் கோபமான கோபம். "எங்க பிள்ளை திறமைசாலி, அவனை ஏன் தண்டிக்கிறீங்க?" என்றார்கள். அதே 2019-ல் ரக்பி, கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, நெட்பால் ஆகிய ஐந்து விளையாட்டுச் சங்கங்களும் ஒன்று கூடி, குழந்தைகளை ஒரே விளையாட்டில் சின்ன வயசிலேயே கட்டிப் போட மாட்டோம், வடிகட்டுவதைத் தள்ளிப் போடுவோம் என்று கையெழுத்திட்டன.

பாருங்கள், இது தர்ம காரியம் ஒன்றும் இல்லை. கணக்குத்தான். நியூசிலாந்தின் மொத்த ஜனத்தொகையே ஐம்பது லட்சம் சொச்சம். ரக்பி ஆடுகிறவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இதைவிட அதிகம் பேர் ஆடுகிறார்கள். இருந்தும் 1987, 2011, 2015 என்று மூன்று தரம் ஆண்கள் உலகக் கோப்பையை வாங்கியிருக்கிறார்கள். கறுப்பு உடுப்பு போடும் 'ஆல் பிளாக்ஸ்' அணிக்கு 1884-லிருந்து ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. இத்தனை வருஷத்தில் அது ஆயிரத்து இருநூற்றைத்தான் தாண்டியிருக்கிறது. இவ்வளவு சின்ன நாடு, பன்னிரண்டு வயசில் பாதிப் பிள்ளைகளைப் பரண் மேல் போட்டால் கட்டுப்படியாகுமா?

அக்டோபர் 29, காலை எட்டு மணி

ஜூலையில் பேத்தி பிறந்தாள். ஆகஸ்டோடு குழந்தைகளின் ஆட்ட சீசன் முடிந்தது. செப்டம்பரில் பிரான்சில் ஆண்கள் உலகக் கோப்பை தொடங்கியது. அதற்குள் எனக்கும் விஷயம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் பின்பக்கம்தான் கொடுக்கலாம். எல்லைக்கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து பாயிண்ட். தப்பாட்டத்துக்குக் கிடைக்கும் உதை, 'ஹெச்' எழுத்து மாதிரி நிற்கும் கம்பத்துக்கு நடுவே போனால் மூன்று.

பாரிஸில் இறுதி ஆட்டம் நடந்தபோது எங்களுக்கு ஞாயிறு காலை எட்டு மணி. ரவா உப்புமாவும் தேங்காய்ச் சட்டினியும் செய்து வைத்துவிட்டு, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மணியோடு பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்துவிட்டார். நியூசிலாந்துக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் போட்டி.

நியூசிலாந்து அணியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்: பியூடன், ஸ்காட், ஜோர்டி பேரட். டாரனாக்கி கடற்கரையில் பால் பண்ணைக் குடும்பம், அம்மாவுக்கு மொத்தம் எட்டுக் குழந்தைகளாம். எட்டுப் பேரின் அழுக்குத் துணியை நினைத்து எனக்குத் தலை சுற்றியது. 2019 உலகக் கோப்பையில் கனடாவுக்கு எதிராக மூன்று பேருமே ஆளுக்கு ஒரு தரம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கி மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. தென் ஆப்பிரிக்காவின் இரண்டாம் நம்பர் ஆட்டக்காரர் போங்கி பொனாம்பி முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். இரண்டாம் நம்பர் என்றால் லேசுப்பட்ட இடம் இல்லை. இரண்டு பக்கத்து முரடர்களும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுகிறார்களே, அந்த ஸ்க்ரம்மில் முன்வரிசை நடுவில் நிற்க வேண்டும். வெளியே போன பந்தை வரிசையின் தலைக்கு மேல் குறி பார்த்து எறிய வேண்டும். பழக்கமில்லாதவன் நின்றால் கழுத்துக்கே ஆபத்து. அந்த இடத்துக்கு இன்னொருவராக இருந்த மால்கம் மார்க்ஸ் முதல் ஆட்டத்துக்குப் பிறகே பயிற்சியில் காயப்பட்டு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக அவர்கள் அழைத்தது வேறொரு இரண்டாம் நம்பரை அல்ல. பந்து உதைப்பதில் கெட்டிக்காரரான ஹான்ட்ரே பொல்லார்டை!

"இப்ப என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

டியோன் ஃபூரி என்பவர் உள்ளே வந்தார். வயசு முப்பத்தேழு! வழக்கமாக வேறு இடத்தில் ஆடுகிறவர். முன்னொரு காலத்தில் இரண்டாம் நம்பராகவும் ஆடிப் பழகியவர். நாட்டுக்காக அவர் முதன்முதலில் ஆடியதே 2022-ல், முப்பத்தைந்து வயசில். அந்த வயசில் அறிமுகமான தென் ஆப்பிரிக்கர் அவருக்கு முன் கிடையாது. அந்த மனுஷன் மீதி ஆட்டம் முழுக்க நின்று சமாளித்தார். ஆட்டம் 12-11 என்று தென் ஆப்பிரிக்காவுக்கு. பன்னிரண்டு பாயிண்டும் பதிலுக்கு வந்த பொல்லார்ட் உதைத்தவை. நியூசிலாந்தும் லேசில் விடவில்லை. கேப்டன் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை காட்டி அனுப்பிவிட, ஐம்பது நிமிஷத்துக்கு மேல் பதினாலு பேரை வைத்துக்கொண்டே போராடினார்கள்.

கோப்பையைத் தூக்கிய சியா கொலிசியைப் பற்றி மாப்பிள்ளை சொன்னார். 1991-ல் போர்ட் எலிசபெத் பக்கம் ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். வளர்த்தது பாட்டி. பள்ளிக்கூடத்தில் கொடுத்ததுதான் அன்றைய ஒரே சாப்பாடு என்ற நாட்களும் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். தேர்வு ஆட்டத்துக்குப் போட்டுக்கொள்ள அரை டிராயர் இல்லாமல் உள்ளாடையோடு ஓடிய பிள்ளை! பன்னிரண்டு வயசில் நல்ல பள்ளி ஒன்றில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. 2018-ல் டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினக் கேப்டன். 2019, 2023 இரண்டு கோப்பையும் அவர் கையில். ஒரு காலத்தில் அந்த நாட்டு அணியில் வெள்ளையர் அல்லாதவருக்கு இடமே கிடையாது. 1981-ல்தான் எரல் டோபியாஸ் முதல் ஆளாக உள்ளே வந்தார். அதற்கு முன் இருந்த தலைமுறைகளில் எத்தனை கொலிசிகள் வாசலுக்கு வெளியிலேயே நின்று போனார்களோ!

பக்கத்து வீட்டுப் பாட்டி மணியைத் தரையில் வைத்துவிட்டார். ஒரு காபி கலந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "எங்களுக்கும் இப்படி ஒரு ஆள் கிடைச்சான், தெரியுமா? எங்க வைக்காட்டோ பையன்" என்று ஆரம்பித்தார்.

மீன் பிடிக்கப் போனவர்

ரக்பியில் பத்தாம் நம்பர் என்றால் குடும்பத்துக்கு மூத்த மருமகள் மாதிரி. எதை எப்போது செய்வது என்று தீர்மானிக்கிற ஆள். 2007 உலகக் கோப்பையில் கார்டிஃப் நகரில் காலிறுதி. நியூசிலாந்தின் பத்தாம் நம்பர் டான் கார்ட்டர் காயத்தோடு வெளியே போனார். பதிலுக்கு வந்த நிக் எவன்ஸும் காயம்பட்டார். 18-20 என்று பிரான்சிடம் தோற்று வீட்டுக்கு வந்தார்கள். நாடே துக்கம் காத்ததாம்.

2011-ல் உலகக் கோப்பை நியூசிலாந்திலேயே நடந்தது. கார்ட்டர் நடுவில் பயிற்சியின்போது இடுப்புச் சதை கிழிந்து விழுந்தார். சரி, காலின் ஸ்லேட் இருக்கிறாரே! காலிறுதியில் அவருக்கும் காயம். மூன்றாவதாக ஆரன் க்ரூடன் என்ற இளைஞர். இப்போது நாலாவதாக ஓர் ஆள் கைவசம் இருந்தாக வேண்டும். யார்?

ஸ்டீஃபன் டொனால்ட். வைக்காட்டோ அணிக்காரர். ஆல் பிளாக்ஸுக்கு இருபத்திரண்டு டெஸ்ட் ஆடியவர்தான். ஆனால் 2010 அக்டோபரில் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவோடு ஆடியபோது கடைசி நேரத்தில் இவர் உதைத்த பந்து வெளியே போகாமல் எதிரியின் கைக்குப் போய்விட்டது. 26-24 என்று தோல்வி. பழி முழுக்க இவர் தலையில். கடைத்தெருவில் போனால்கூட ஜனங்கள் ஏசினார்களாம். உலகக் கோப்பைக் குழுவில் இவர் பெயரே இல்லை. இங்கிலாந்து கிளப் ஒன்றுக்குப் போவதாக ஏற்பாடாகிவிட்டது. புறப்படுவதற்கு முன்னால், வைக்காட்டோ ஆற்றில் வலை போட்டு, நெத்திலியைவிடப் பொடியான ஒரு மீன் குஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். (முட்டையில் போட்டு அடை மாதிரி சுடுவார்களாம். பாட்டி எனக்கும் கொண்டு வந்து கொடுத்தார். நான் சைவம், மாப்பிள்ளை பாடு கொண்டாட்டம்.)

பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி ஃபோன் செய்கிறார். தெரியாத நம்பர் என்று டொனால்ட் எடுக்கவே இல்லை! பிறகு ஒரு வழியாகச் சேதி தெரிந்து ஓடி வந்தார்.

அக்டோபர் 23, ஆக்லாந்து ஈடன் பார்க் மைதானம். பிரான்சோடு இறுதி ஆட்டம். பாதிகூட ஆகவில்லை, க்ரூடனின் முழங்கால் மடங்கிவிட்டது. நாலாவது ஆள் உள்ளே வந்தார். அவருக்குக் கொடுத்த சட்டை அளவு சின்னது. யாராவது பிடித்து இழுத்தால் வயிறு தெரிகிறது. இடைவேளை முடிந்து சில நிமிஷத்தில் ஒரு தண்டனை உதை. வழக்கமாக உதைக்கிற பிரி வீப்புவுக்கோ அன்றைக்குக் குறி தப்பித் தப்பிப் போய்க்கொண்டிருந்தது. டொனால்ட் பந்தை வாங்கி வைத்தார். உதைத்தார். கம்பத்துக்கு நடுவே போனது. மூன்று பாயிண்ட்.

ஆட்டம் முடிந்தபோது 8-7. இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு கோப்பை!

"அந்த மூணு பாயிண்ட் இல்லேன்னா?" என்றார் பாட்டி, விரலை மடக்கிக் காட்டி. எனக்குக் கணக்கு உடனே புரிந்தது.

ஆனால் அந்த உதையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நாலாவது ஆள் ஆகாசத்திலிருந்தா குதித்தார்? நம் வீட்டில் திடீரென்று பத்துப் பேர் வந்து நின்றால் வடாமும் வற்றலும் கை கொடுக்கின்றன என்றால், வெயில் காலத்தில் யாரோ மொட்டை மாடியில் உட்கார்ந்து பிழிந்ததால்தானே? முதல் மூன்று பேர் நன்றாக இருந்த காலத்திலேயே நாலாவது ஆளுக்கும் வருஷா வருஷம் ஆட யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருபத்தாறு மாகாணச் சங்கங்கள். ஊர் கிளப்பில் ஆடுகிறவன் மாகாணத்துக்குப் போகலாம், அதற்கு மேல் சூப்பர் ரக்பி அணிகள், அதற்கும் மேலேதான் ஆல் பிளாக்ஸ். மேல் படியிலிருந்து இறக்கிவிட்டாலும் அடுத்த கீழ்ப்படியில் நிற்க இடம் உண்டு. ஊரே திட்டிய டொனால்டுக்கு அதற்குப் பிறகும் சொந்த மாகாணம் சட்டை கொடுத்தது. அந்தச் சனிக்கிழமைகள் இல்லாமல், ஆற்றங்கரையிலிருந்து எழுந்து வந்தவரால் அந்த உதையை உதைத்திருக்க முடியுமா?

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். போர்ஷியா வுட்மன் என்ற பெண் நெட்பால் ஆடிக்கொண்டிருந்தவர். 2012-ல்தான் ரக்பிக்கு வந்தார். உலகமே வியக்கும் ஆட்டக்காரி ஆகிவிட்டார். பத்து வயசிலேயே 'நீ ரக்பிக்கு லாயக்கில்லை' என்று முத்திரை குத்தியிருந்தால்? 2022 நவம்பரில் ஈடன் பார்க்கில் நியூசிலாந்துப் பெண்கள் இங்கிலாந்தை 34-31 என்று வென்றபோது நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டமாம். தானும் போயிருந்ததாகப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார், மணியோடுதான்!

தலையில் அடிபட்டால்?

இத்தனை சொல்கிறாயே, நீ உன் பேரனை அனுப்புவாயா என்று கேட்பீர்கள். ரிப்பா முடிந்த பிறகு ஆளைப் பிடித்துக் கீழே தள்ளும் ஆட்டம் வந்துவிடும். எங்கள் வீட்டில் இதைப் பற்றி நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சம் அல்ல. என் பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் இரண்டு பக்கமும்.

ஆபத்து இல்லை என்று யாரும் அங்கே மழுப்பவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. 2001-லிருந்து பயிற்சியாளர்களும் நடுவர்களும் வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்புக்குப் போயே தீர வேண்டும். அது வந்த முதல் ஐந்து வருஷத்தில், பழைய கணக்குப்படி சுமார் பத்தொன்பது பேருக்கு முதுகுத்தண்டில் நிரந்தர ஊனம் ஏற்பட்டிருக்க வேண்டிய இடத்தில், எட்டுப் பேருக்கு ஏற்பட்டது. எட்டும் அதிகம்தான், அந்த எட்டுத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே நடுவர் நீல அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஓய்வு, டாக்டரின் அனுமதி இல்லாமல் திரும்பி ஆட முடியாது. 'ஒண்ணுமில்லை, தண்ணி குடிச்சுட்டு ஓடு' என்பதெல்லாம் நடக்காது. நம் பிள்ளைகள் கிரிக்கெட் பந்து பட்டோ, சைக்கிளிலிருந்து விழுந்தோ தலையில் அடிபட்டு வந்தால் நாமும் கவனிக்க வேண்டியவை இவைதான்: வாந்தி, விடாத தலைவலி, தடுமாற்றம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், வழக்கத்துக்கு மாறான தூக்கம். இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும். தைலம் தடவிப் படுக்க வைத்துவிட்டு, 'காலையில பார்த்துக்கலாம்' என்று இருக்கக் கூடாது.

கடைசியில், பிடித்துத் தள்ளுகிற ஆட்டம் வரும் வருஷத்தில் அவனையே கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. பேரனுக்கு இந்த விவாதம் எதுவும் தெரியாது. ஆரஞ்சு டப்பா எங்கள் முறை வந்த சனிக்கிழமை, தானே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தான். அவனைப் பொறுத்தவரை அந்த சீசனின் பெரிய சாதனை அதுதான்.

டிசம்பரில் ஊர் திரும்பினேன். பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து பிள்ளை குடும்பத்தோடு வந்திருந்தான். நாற்பத்திரண்டு வயசு, உட்கார்ந்தே செய்கிற வேலை, அந்த வருஷம்தான் சர்க்கரை என்று சொல்லியிருந்தார்கள். நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், நடப்பதில்லை. சாப்பிட்டு முடித்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது இந்த டொனால்ட் கதையை அவனுக்குச் சொன்னேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மீன் பிடித்த இடம் வந்ததும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டான்.

"உன்னை அவ்வளவு சீக்கிரம் ஸ்கூல்ல சேர்த்திருக்கக் கூடாதுடா" என்றேன். எங்கே ஆரம்பித்து எங்கே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தான். "அம்மா, எனக்கு அந்த வருஷம் நல்லாத்தான் இருந்துது. பந்து எந்தப் பக்கம் போகும்னு உதைக்கிறவன் காலைப் பார்த்தே சொல்லிடுவேன். யாருமே கேட்கலை" என்றான்.

வாசலில் அவன் பெண் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பந்து காம்பவுண்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடியது. "அப்பா, பந்து!" என்று கத்தினாள். எடுத்து வரப் போனவன் அரை மணி நேரம் கழித்துத்தான் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். நான் காபி கலக்கப் போய்விட்டேன். சர்க்கரை இல்லாமல்தான்.